மசாலாவில் எதை அளக்கிறார்களோ, அதைத்தான் ஏமாற்றுகிறார்கள்

மசாலா வியாபாரத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் விலையைத் தீர்மானிக்கும் அளவு ஒன்று உண்டு. மஞ்சளுக்கு அதன் நிறப்பொருளான குர்குமினின் சதவீதம், மிளகாய்த் தூளுக்கு ஆஸ்டா (அமெரிக்க மசாலா வணிகச் சங்கம்) முறையில் எடுக்கும் நிற மதிப்பு, மிளகுக்கு லிட்டர் எடை (ஒரு லிட்டர் மிளகு எத்தனை கிராம் என்பது), குங்குமப்பூவுக்கு 440 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது உறிஞ்சும் அளவு. கலப்படம் செய்கிறவர் முதலில் கை வைப்பது அந்த அளவில்தான். அதை மட்டும் சோதித்துவிட்டு ‘சரக்கு அசல்’ என்று வரும் ரிப்போர்ட்டை நம்பி மூட்டையை இறக்கக்கூடாது. வேறொரு கோணத்திலிருந்து பார்க்கும் இரண்டாவது சோதனை ஒன்று கட்டாயம் வேண்டும். அது என்ன சோதனை என்பது சரக்குக்குச் சரக்கு மாறும்.

மஞ்சளைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். நம் ஊரில் அதிகம் விளைவதும் அது, அதிகம் கெடுக்கப்படுவதும் அது. குர்குமின் அளக்கும் வழக்கமான முறை இது: 0.1 கிராம் தூளை எடுத்து 30 மில்லி எத்தனாலில் இரண்டரை மணி நேரம் ரிஃப்ளக்ஸ் செய்ய வேண்டும், அதாவது ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்க வைக்க வேண்டும். வடிகட்டி 100 மில்லிக்குக் கொண்டுவந்து, அதில் 20 மில்லியை 250 மில்லியாக நீர்க்க வைத்து, ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் 425 நானோமீட்டரில் படிக்க வேண்டும். தூய குர்குமினின் 1 சதவீதக் கரைசலுக்கு உறிஞ்சல் 1607 என்பது கணக்கில் வரும் மாறிலி. 3 சதவீதம் உள்ள தூளுக்கு உறிஞ்சல் 0.39 அளவில் நிற்கும். முறை எளிது, செலவும் குறைவு. ஆனால் 425-ல் ஒளியை உறிஞ்சுவது குர்குமினா வேறொரு மஞ்சள் சாயமா என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. மெட்டானில் யெல்லோ என்ற தடை செய்யப்பட்ட சாயமும் அந்தப் பகுதியிலேயே உறிஞ்சும். பாதி மாவு கலந்த தூளில் கொஞ்சம் சாயம் போட்டால் ‘குர்குமின் 3 சதவீதம்’ என்றே ரிப்போர்ட் வரும்.

மெட்டானில் யெல்லோவுக்கு அமிலச் சோதனை எல்லோருக்கும் தெரியும்: அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால் இளஞ்சிவப்பு வரும், தண்ணீர் ஊற்றியதும் மறைந்தால் அசல் மஞ்சள், நின்றால் சாயம். இதில் பலர் தவறுவது ஊற்றும் தண்ணீரின் அளவில். குர்குமின் சிவக்க மிக வலுவான அமிலம் வேண்டும். மெட்டானில் யெல்லோ பிஎச் (அமில வலுவைக் காட்டும் எண், குறையக் குறைய வலு கூடும்) 1-ஐ ஒட்டிய அளவிலேயே சிவந்துவிடும், ஆனால் பிஎச் 2.3-ஐத் தாண்டினால் அதுவும் மஞ்சளாகிவிடும். கிளாஸ் நிறையத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு நிறமும் போய், சாயம் கலந்த தூள் தேறிவிடும். ஒரு பங்கு அமிலத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீரோடு நிறுத்துங்கள். இன்னும் உறுதி வேண்டும் என்றால் சிலிக்கா ஜெல் தகட்டில் டிஎல்சி போடலாம், அதாவது அடியில் ஒரு புள்ளி வைத்து, கரைப்பான் மேலேறும்போது நிறங்களைப் பிரிய விடலாம். குளோரோபார்ம் 95, மெத்தனால் 5 என்ற கலவையில் மஞ்சளின் மூன்று குர்குமினாய்டுகளும் (குர்குமினும் அதன் இரண்டு உறவுச் சேர்மங்களும்) மூன்று மஞ்சள் புள்ளிகளாக மேலேறும். மெட்டானில் யெல்லோ சல்போனேட் உப்பு என்பதால் புள்ளி வைத்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அடியில் நகராத ஒரு மஞ்சள் திட்டு தெரிந்தால் சந்தேகப்பட அதுவே போதும்.

அந்த மூன்று குர்குமினாய்டுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. குர்குமின், டிமெத்தாக்ஸிகுர்குமின், பிஸ்டிமெத்தாக்ஸிகுர்குமின் மூன்றும் சேர்ந்திருப்பது இயற்கை மஞ்சளின் அடையாளம். கலவையைத் திரவ ஓட்டத்தில் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி-யில் சி18 என்ற பிரிக்கும் குழாயைப் போட்டு, அசெட்டோநைட்ரைலும் அமிலம் சேர்த்த நீரும் ஓட்டினால், பிஸ் முதலில், டிமெத்தாக்ஸி அடுத்து, குர்குமின் கடைசியாக என வரைபடத்தில் மூன்று உச்சிகள் வரும். குர்குமின் மட்டும் ஓங்கி நின்று மற்ற இரண்டும் மிகச் சிறுத்திருந்தால், ஆலையில் தயாரித்த செயற்கைக் குர்குமின் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். இது சமையல் தூளைவிட மாத்திரைக்குப் போகும் சாறுகளில்தான் அதிகம் நடக்கிறது. மூன்றையும் செயற்கையாகவே செய்து சரியான விகிதத்தில் கலந்தால் எச்பிஎல்சி-யும் ஏமாறும். அப்போது கைகொடுப்பது கார்பன்-14, அதாவது காலப்போக்கில் சிதைந்து மறையும் கதிரியக்கக் கார்பன். பெட்ரோலியத்திலிருந்து வந்த மூலக்கூறில் அது அறவே இருக்காது. போன வருடம் வயலில் விளைந்த மஞ்சளில் இன்றைய காற்றில் உள்ள அளவு இருக்கும். இந்தச் சோதனை விலை கூடியது, எல்லா லேபிலும் கிடையாது. ஆனால் இதை ஏமாற்றுவது மிகக் கடினம்.

மாவுக் கலப்படத்துக்கு இவ்வளவு கருவிகள் வேண்டாம், ஒரு மைக்ராஸ்கோப் போதும். இதை லேப்காரர்களே மறந்துவிடுகிறார்கள் என்பது வருத்தம். நாம் மஞ்சளை வேகவைத்துத்தான் காய வைக்கிறோம். வெந்த மஞ்சளின் ஸ்டார்ச் கஞ்சியாகி, தூளில் மஞ்சள் நிறக் கட்டிகளாகத் தெரியும்; தனித்தனி மணிகளாகத் தெரியாது. ஒரு சிட்டிகைத் தூளைத் தண்ணீர்ச் சொட்டில் கலந்து கண்ணாடித் தகட்டில் வைத்து, இரண்டு போலராய்டு வடிகட்டிகளைக் குறுக்காக வைத்து 400 மடங்கில் பாருங்கள். வேகாத ஸ்டார்ச் மணி ஒவ்வொன்றும் நடுவில் கருஞ்சிலுவையோடு பளிச்சென்று ஒளிரும். மக்காச்சோள மாவு என்றால் பலகோண வடிவில் இருக்கும், அரிசி மாவு என்றால் மிகச் சிறிய, கூரான மணிகள். வெந்த மஞ்சள் கட்டிகளுக்கு இடையே இப்படி ஒளிரும் மணிகள் கூட்டமாகத் தெரிந்தால் மாவு கலந்திருக்கிறது. எச்சரிக்கை ஒன்று: பச்சைக் கிழங்கைச் சீவி, வேகவைக்காமல் காய வைத்த மஞ்சளிலும் மணிகள் முழுதாகவே இருக்கும். அவை தட்டையாக, நீள்வட்டமாக, ஒரு முனை குறுகி இருக்கும். வடிவத்தைப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது.

இனி லெட் குரோமேட். மஞ்சளில் கலக்கும் பொருட்களில் மிக மோசமானது இதுதான். ஈயமும் குரோமியமும் சேர்ந்த அடர் மஞ்சள் நிறமி, பெயிண்ட் தொழிலுக்கு உரியது. குழந்தையின் மூளையைப் பாதிக்கும் ஈயம் சாம்பாரில் இறங்குகிறது. எத்தனாலில் கரையாது என்பதால் 425 நானோமீட்டர் கணக்கை இது தொடவே தொடாது. இது ஏமாற்றுவது மண்டியில் சரக்கு பார்க்கும் கண்ணை. மங்கலான, பூச்சி அரித்த பழைய சரக்கைப் புதுச் சரக்காகக் காட்டும். காய்ந்த கிழங்கை டிரம்மில் போட்டுச் சுழற்றிப் பாலிஷ் போடும்போது மஞ்சள் தூளைக் கரைத்துத் தெளிப்பது பழைய வழக்கம், அதில் குற்றமில்லை. அந்தக் கரைசலின் இடத்தில்தான் லெட் குரோமேட் நுழைகிறது. ஆகவே கிழங்காக வாங்கி நாமே அரைத்தால் பயமில்லை என்ற எண்ணம் இங்கே செல்லாது.

வீட்டில் செய்யச் சொல்லும் தண்ணீர்ச் சோதனையும் இங்கே உதவாது. தூளைத் தண்ணீரில் போட்டால் அடியில் தங்கி, மேலே வெளிர் மஞ்சளாக நின்றால் நல்ல மஞ்சள் என்பார்கள். லெட் குரோமேட் தண்ணீரில் கரையாதது, தண்ணீரைவிட ஆறு மடங்கு அடர்த்தி உள்ளது. சமர்த்தாக அடியில் போய்த் தங்கிவிடும். தூளை எரித்து மிஞ்சும் சாம்பலை அளப்பதும் கைவிடும். ஒரு கிலோ தூளில் ஒன்றரை கிராம் லெட் குரோமேட் இருந்தால் ஈயம் ஏறக்குறைய 1,000 பிபிஎம் (கிலோவுக்கு மில்லிகிராம்) ஆகிவிடும். மஞ்சளுக்கு இந்தியாவில் அனுமதித்த உச்சவரம்பு 10. ஆனால் மொத்தச் சாம்பல் கூடுவது 0.15 சதவீதத்துக்குள்தான். 9 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்ற விதியின் நிழலில் அது ஒளிந்துகொள்ளும்.

சிறிய லேபிலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. 2 கிராம் தூளைச் சாம்பலாக்கி, ஒரு பங்கு கந்தக அமிலத்துக்கு ஏழு பங்கு தண்ணீர் என்று நீர்த்த கரைசல் 4 முதல் 5 மில்லியில் கரைத்து வடிகட்டுங்கள். 0.1 சதவீத டைபினைல்கார்பசைடு 1 மில்லி சேருங்கள். இளஞ்சிவப்பு வந்தால் குரோமேட் இருக்கிறது. இந்த வினை ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு மட்டுமே நடக்கும். முழுதாக எரியாமல் கரி மிஞ்சினால், அமிலத்தில் அது குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிடும், நிறம் வராது. சாம்பல் கறுப்பு இல்லாமல் வெளுக்கும்வரை எரிக்க வேண்டும். பழுத்துப் பழுப்பான டைபினைல்கார்பசைடு கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். நிறம் வந்தால் நம்பலாம். வரவில்லை என்பதற்காகச் சரக்கு சுத்தம் என்று எழுதித் தரக்கூடாது.

கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் திருப்பி விடும் கதிரைப் படிப்பது) இருந்தால் வேலை சுலபம். தூளை மெல்லிய பிலிம் போட்ட குப்பியில் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் தடிமன் அடைத்து, ஓரிரு நிமிடம் வைத்தால் சில பிபிஎம் வரை ஈயம் தெரிந்துவிடும். அந்தக் கதிர்களில் ஈயத்தின் 10.55 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடும் ஆர்சனிக்கின் 10.54 கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழும். எனவே ஈயத்துக்கு 12.6-ல் உள்ள கோட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விரலி மஞ்சளில் ஒரு நல்ல வழி: முழு விரலின் தோலில் ஒரு அளவு எடுங்கள், அதையே ஒடித்து உள்பக்கத்தில் இன்னொரு அளவு எடுங்கள். தோலில் ஈயம் ஏறி, உள்ளே ஒன்றும் இல்லை என்றால் அது மண்ணிலிருந்து வந்த ஈயம் கிடையாது, பூசிய ஈயம். வங்கதேசத்தில் 2019-ல் சோதித்த சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் தெரிந்தது. சந்தைகளுக்கே இந்தக் கருவியோடு போய்ச் சோதித்து, தண்டனை விதித்து, மக்களிடமும் விஷயத்தைக் கொண்டுபோனார்கள். 2021-ல் அந்த விகிதம் பூஜ்யத்துக்கு வந்தது. கருவியும் சட்டமும் ஒரே நேரத்தில் சந்தைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வழக்குக்கு நிற்கும் அளவு வேண்டுமென்றால் ஐசிபி-எம்எஸ், அதாவது பிளாஸ்மாச் சூட்டில் அணுக்களை அயனியாக்கி எடைவாரியாக எண்ணும் கருவி. அரை கிராம் தூளை நைட்ரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடோடு மைக்ரோவேவில் செரிக்க வைத்து, அதாவது முழுதாகக் கரைத்து, ஓட்டுவார்கள். ஈயத்துக்கு 206, 207, 208 என்ற மூன்று ஐசோடோப்புகளையும் (எடை மட்டும் மாறும் ஈய அணு வகைகள்) கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஐசோடோப்பு விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். குரோமியத்தில்தான் சிக்கல். செரிமானம் அரைகுறையாக நின்று கார்பன் மிஞ்சினால், பிளாஸ்மாவில் ஆர்கான் 40-ம் கார்பன் 12-ம் சேர்ந்து 52 என்ற எடையில் வந்து, குரோமியம் 52-ஆக வேடம் போடும். ஹீலியம் வாயுவில் மோதவிட்டு இந்தப் போலியைக் கழிக்கும் முறையில் ஓட்டாவிட்டால் இல்லாத குரோமியம் இருப்பதாகக் காட்டும்.

குரோமியத்துக்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் விகிதம். லெட் குரோமேட்டில் எடைக்கணக்கில் ஈயம் குரோமியத்தைப்போல நான்கு மடங்கு. 2023-ல் அமெரிக்காவில் பட்டை சேர்த்த ஆப்பிள் கூழ் பாக்கெட்டுகளால் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. 500-க்கும் மேற்பட்ட பாதிப்புகள் பதிவாயின. அதற்குப் பயன்பட்ட பட்டைத் தூளை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்தபோது ஒரு மாதிரியில் ஈயம் 5,110, குரோமியம் 1,201 பிபிஎம். இன்னொன்றில் 2,270, 531. வகுத்துப் பாருங்கள், இரண்டும் 4.3-க்குப் பக்கத்தில் நிற்கும். தூள் எக்வடோரில் அரைத்தது. மூலப் பட்டை இலங்கையிலிருந்து போனது. அரைக்காத அந்தப் பட்டையைச் சோதித்ததில் ஈய மாசு இல்லை. விளைந்த மண்ணுக்கும் உரித்த கைக்கும் இதில் பங்கில்லை என்பதை அந்த எண்களே காட்டிவிட்டன. இதுவே ஈயம் மட்டும் ஏறிக் குரோமியம் ஏறவில்லை என்றால் மண், புகை, பழைய பெயிண்ட் பக்கம் தேட வேண்டும். குரோமியமும் நிக்கலும் சேர்ந்து ஏறினால் அரவை இயந்திரத்தின் ஸ்டீல் தேய்கிறது என்று பொருள்.

மிளகாய்த் தூளுக்கு வருவோம். ஆஸ்டா மதிப்பு எடுக்க, 0.1 கிராம் அளவு தூளை 100 மில்லி அசெட்டோனில் 16 மணி நேரம் இருட்டில் வைத்து 460 நானோமீட்டரில் படிப்பார்கள். உறிஞ்சலை 16.4-ஆல் பெருக்கி எடையால் வகுக்க வேண்டும். 0.50 வந்தால் 82 ஆஸ்டா. உறிஞ்சல் 0.30-க்கும் 0.70-க்கும் இடையில் இருக்க வேண்டும், மீறினால் நீர்க்க வைக்க வேண்டும். கர்நாடகத்தின் பியாட்கி மிளகாய்க்கு விலை கிடைப்பதே இந்த நிறத்துக்குத்தான். ஷூ பாலிஷுக்கும் மெழுகுக்கும் நிறம் கொடுக்கும் சூடான் சாயம் அசெட்டோனில் நன்றாகக் கரைந்து, அதே 460-ல் உறிஞ்சி ஆஸ்டாவை ஏற்றிவிடும். 2003-ல் பிரான்சில் இந்திய மிளகாய்ச் சரக்கில் சூடான் 1 பிடிபட்ட பிறகு ஐரோப்பா இறக்குமதிக்குச் சான்றிதழ் கேட்கத் தொடங்கியது.

சூடானைத் தேட, மூலக்கூறுகளைப் பிரித்து எடை பார்க்கும் எல்சி-எம்எஸ்எம்எஸ் கருவி வேண்டும். 1 கிராம் தூளை 10 மில்லி அசெட்டோநைட்ரைலில் குலுக்கி, சுழற்றிப் பிரித்து, வடிகட்டி ஓட்டினால் சூடான் 1 எடை 249-லும் சூடான் 4 எடை 381-லும் தெரியும். கண்ணாடிக் குப்பி பழுப்பு நிறத்தில் இருப்பது அவசியம். வெளிச்சம் பட்டால் சூடான் 3, 4 இரண்டும் வடிவம் மாறி, ஒரு உச்சி இரண்டாகப் பிரியும். இரண்டாவதைக் கணக்கில் சேர்க்காத லேப் குறைவான அளவை எழுதிவிடும். எண்ணை எப்படிப் படிப்பது என்பதிலும் நிதானம் வேண்டும். நிறம் ஏற்றிக் காசு பார்க்கக் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் தேவைப்படும். 0.02 மில்லிகிராம் வந்தால் அது சாக்கிலோ அரவை மில்லிலோ ஒட்டிய மிச்சமாக இருக்கலாம். ஐரோப்பிய நாடுகளில் நடைமுறையில் 0.5-ஐ எல்லையாக வைத்திருப்பதும் அதனால்தான். சரக்கு கொடுத்த விவசாயி மேல் பழி போடுமுன் மில்லைச் சோதியுங்கள். செங்கல் தூளுக்கு இவ்வளவு தேவையில்லை. அமிலத்தில் கரையாத சாம்பல் 1.3 சதவீதத்தைத் தாண்டினால் மண்ணோ செங்கலோ இருக்கிறது.

மிளகில் பப்பாளி விதை பழைய கதை. முழு மிளகில் கண்ணே பிடித்துவிடும். தூளில் மிளகின் காரப்பொருளான பிப்பரின் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்கிறார்கள், அது நடக்காது. நல்ல மிளகிலேயே பிப்பரின் ரகத்துக்கு ரகம் பாதியாகவும் இரட்டிப்பாகவும் மாறும், பத்து சதவீதப் பப்பாளி அந்த ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும். மிளகில் இல்லாமல் பப்பாளி விதையில் உள்ள பென்சைல் குளுக்கோசினோலேட்டையோ பப்பாளியின் டிஎன்ஏ-வையோ நேராகத் தேடுவதுதான் வழி. லிட்டர் எடைக்கும் பளபளப்புக்கும் பூசும் மினரல் ஆயிலை, மிளகை ஹெக்சேனில் கழுவி, ஆவியாக்கிப் பிரிக்கும் ஜிசி-யில் ஓட்டினால் பிடித்துவிடலாம். 2012-ல் கொச்சிக் கிடங்குகளில் ஆயிரக்கணக்கான டன் மிளகுக்கு சீல் வைத்தது இதற்காகத்தான்.

பட்டை விஷயத்தில் வேதியியல் மிகத் தெளிவாகப் பேசும். தமிழ்நாட்டுக் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் கேசியா. இலங்கைக் கறுவா மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்து சுருண்டிருக்கும், கேசியா தடித்த ஒற்றைத் தோல். தூளாக்கினால் வித்தியாசம் போய்விடும். பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு இரண்டிலும் உண்டு, அதை அளந்து பயனில்லை. கூமரின் என்ற இன்னொரு மணப்பொருள்தான் பிரிக்கும்: கேசியாவில் கிலோவுக்குச் சுமார் 3,000 மில்லிகிராம், கறுவாவில் பெயரளவுக்கு, பெரும்பாலும் 200-க்கும் கீழே. பத்தில் ஒரு பங்கு கேசியா கலந்தாலே 300 வந்து காட்டிக்கொடுத்துவிடும். எச்பிஎல்சி-யில் 280 நானோமீட்டரில் ஒரே ஓட்டத்தில் முடிகிற வேலை. விலையைத் தாண்டி உடலுக்கும் இதில் கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூமரினுக்கு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 6 மில்லிகிராம், அதாவது கேசியாத் தூள் 2 கிராம். சர்க்கரை குறையும் என்று தினமும் ஒரு ஸ்பூன் விழுங்குகிறவர்கள் எந்தப் பட்டை என்று கேட்டு வாங்க வேண்டும்.

எந்தச் சோதனையும் மாதிரி எடுப்பதற்குள்தான் அடங்கும். 400 மூட்டை இருந்தால் 20 மூட்டையிலாவது கை போட வேண்டும். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்து, சுத்தமான விரிப்பில் கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கி, மீதியை மறுபடி குவித்து, அரை கிலோ வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். அதை மூன்று பாகமாக்கி சீல் வைத்து, ஒன்று லேபுக்கு, ஒன்று விற்றவருக்கு, ஒன்று உங்களிடம். செய்தித்தாளில் பொட்டலம் கட்டாதீர்கள். அச்சு மையே சோதனையைக் கெடுக்கும்.

லேபுக்கு எழுதும்போது ‘தரம் பார்க்கவும்’ என்று மட்டும் எழுதினால் ஈரப்பதம், சாம்பல், குர்குமின் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘ஈயம், குரோமியம் இரண்டும் ஐசிபி-எம்எஸ்ஸில், மெட்டானில் யெல்லோ எச்பிஎல்சி-யில், ஸ்டார்ச் மைக்ராஸ்கோப்பில்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். லேபுக்குப் பொதுவாக அங்கீகாரம் இருப்பது போதாது. ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் பக்கத்தில் கண்டறியும் எல்லை எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். ஈயத்துக்கு அந்த எல்லை 20 பிபிஎம் என்றால் 10 பிபிஎம் வரம்புக்கு அந்த ரிப்போர்ட் எந்த வகையிலும் பதிலாகாது.

ஏற்றுமதிச் சரக்கு என்றால் சென்னையிலும் தூத்துக்குடியிலும் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டின் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. கடையில் பாக்கெட் வாங்குகிறவருக்கும் வழி உண்டு. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், பில்லும் வாங்கிக்கொள்ள வேண்டும். பொருள் தரத்துக்கு உட்படவில்லை என்று வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.